எட்டாம் வகுப்பு பி பிரிவின் இடக்கைகள்

ஏட்டி,

என் இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகிறது. தலைக்கு எண்ணெய் வைக்க முடியவில்லை, ரவிக்கை மாட்ட மருமகள் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. தினம் பத்து மணிக்கு ஒரு பெண் வீட்டுக்கு வந்து வலி எண்ணெய் தேய்த்துக் கையை நீவி விடுகிறாள். நல்ல பிள்ளைதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நேற்று எண்ணெய் வாடை மூக்கில் ஏற உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே தள்ளி நின்றுகொண்டு, "டீச்சர், கண்ண மூடிக்கிடுங்க. இப்பம் இடக்கைய மட்டும் பையத் தூக்குங்க பாப்போம்" என்றாள்.

கண்ணை மூடினேன். கையைத் தூக்கினேன். தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை, அதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் பதறிப்போனாள். "ஐயோ டீச்சர், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று குப்பியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீ. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

சுற்றி வளைக்க எனக்கு இனிமேல் தெம்பு கிடையாது. உன் கணக்கெடுப்பு எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் பொய்த்தது என்று சாகிறவரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குத் தெரியாது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த இரண்டு வருசமும் விடுதியில் நாம் ஒரே அறை. நீ எண்ணாத பொருள் கிடையாது. குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால் படிக்கட்டை எண்ணுவாய், பஸ்ஸில் ஏறினால் நிற்கிற ஆளை எண்ணுவாய். "ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன். விடுதிச் சோற்றில் கல் கிடக்கிறது என்று நாங்களெல்லாம் வார்டனிடம் போய் ஒப்பாரி வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நீ என்ன செய்தாய்? பதினைந்து நாள் உன் தட்டில் அகப்பட்ட கல்லையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் போட்டு, நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, இரண்டையும் வார்டன் மேசையில் கொண்டுபோய் வைத்தாய். அடுத்த வாரம் அரிசி மாறியது. "வாயால சொன்னா இதுக எப்பவும் அழுவுததுதானன்னு நெனப்பாங்கட்டி. எண்ணிச் சொன்னா வாயடச்சுப் போவாங்க" என்றாய். அன்றிலிருந்து உன்மேல் எனக்கு ஒரு பயம். மரியாதை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டுக்கும் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது.

அதற்குப் பிறகு நீ ஆழ்வார்திருநகரிப் பக்கம் கணக்கு டீச்சர், நான் முக்கூடல் பக்கம் எட்டாம் வகுப்பு டீச்சர். ஆளுக்கொரு கல்யாணம், ஆளுக்கிரண்டு பிள்ளை. தாமிரபரணி ஒன்றுதான், நீ கீழே, நான் மேலே.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் திட்டம் வந்தது. அதன் பெயர் ஒரு முழு வரி நீளம், எனக்கு அப்போதே வாயில் நுழையாது. ஆற்றோரப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் உடம்பாலும் மனசாலும் எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்களாம். எங்கே நிலைமை ரொம்ப மோசமோ அங்கே முதலில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர்த் தொட்டி, வாரம் ஒருநாள் வந்து பார்க்க ஒரு நர்ஸ். எண்ணுவதற்கு ஆள் தேடினார்கள், உன்னைப் பிடித்துப் போட்டார்கள். உன்னை விட்டால் யார்?

முதலில் நீ தாளில்தான் கேட்டாய். சைக்ளோஸ்டைல் எடுத்த கேள்வித்தாள், பெயர் எழுத வேண்டாம், டிக் மட்டும் போட்டால் போதும். ஏதோ ஒரு ஊரில் வாத்தியார் எல்லாக் கேள்விக்கும் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் அத்தனையும் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டன. அன்று சாயங்காலம் நீ பஸ் ஏறி நேரே என் வீட்டுக்கு வந்தாய். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாய். "பிள்ளைங்ககிட்ட கேட்டா பிள்ளைங்க சொல்லும்ட்டி. இந்த வாத்திமாருதான் நடுவுல வந்து வாயப் பொத்துதாங்க. வெறுவாக்கெட்ட மூதிங்க!" நானும் உன்னோடு சேர்ந்து அந்த வாத்தியாரைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தாளை விட்டுவிட்டு நீ புதுவழி கண்டுபிடித்தாய். பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடித் தலையைப் பெஞ்சில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். வாத்தியார்மார் வெளியே போய்விட வேண்டும். கேள்வி கேட்டதும் 'ஆமாம்' என்கிற பிள்ளை கையைத் தூக்கும், 'இல்லை' என்கிற பிள்ளை சும்மா இருக்கும். யார் தூக்கினார்கள் என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. கேள்வியையும் நல்லபடியாகத்தான் கேட்பாய். "சாப்பிடாம வந்த பிள்ளை கை தூக்குன்னா எந்தப் பிள்ளைட்டி தூக்கும்? சாப்ட்ட பிள்ளை தூக்குன்னு கேட்டா, மத்தது பேசாம இருந்துக்கிடலாம்லா" என்று எனக்கு விளக்கினாய். ஒரு பிள்ளைகூட வெட்கப்பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு யோசித்திருந்தாய்.

எங்கள் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்ஷனைப் பற்றி மட்டும் உனக்குத் தெரியாது. நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

வருசம் ஒரு தடவை அதிகாரி வந்து வகுப்பில் கேள்வி கேட்பார். கேட்டதும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலக்கை, தெரியாதவள் இடக்கை. அதிகாரி கண்ணுக்கு வகுப்பே கெட்டிக்கார வகுப்பாகத் தெரியும். நான் வலக்கைப் பிள்ளையாகப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்பேன். இதை எனக்கு முந்தி அங்கே இருந்த டீச்சர் சொல்லித் தந்துவிட்டுப் போனாள். நான் அதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒத்திகை. வெளியாள் யார் வந்து எதைக் கேட்டாலும் கை தூக்க வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்த பிள்ளையை முழங்கால் போட வைத்திருக்கிறேன். அதனால் யோசிக்காமலே அதுகளுக்குக் கை எழும்பும்.

இதுபோலப் பல பள்ளிக்கூடத்தில் உண்டு என்று இன்றைக்குச் சிரித்துக்கொண்டே பேசிக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நீ வந்த அன்று ஆவணி மாதம், நல்ல வெயில். பி பிரிவு முழுக்கப் பெண் பிள்ளைகள், முப்பத்தாறு பேர். பாதிக்கு மேல் விடியக்காலையில் எழுந்து மடியில் சொளவுத் தட்டை வைத்துப் பீடி சுற்றிவிட்டு வருகிற பிள்ளைகள். வகுப்புக்குள் நுழைந்தாலே புகையிலை வாடை அடிக்கும். நீ எச்.எம்.மை வெளியே போகச் சொன்னாய். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வராந்தாவில் போய் நின்றார். நானும் வெளியே கிளம்பினேன். நீ என் கையைப் பிடித்தாய். "நீ எங்க போற? நீ நம்ம ஆளு, இங்கன நில்லு" என்றாய். பிள்ளைகளுக்கும் தெம்பாக இருக்கும் என்றாய். நான் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"தாயிகளா, கண்ண மூடித் தலையக் கவுத்துக்கிடுங்க. நீங்க என்ன சொல்லுதீங்கன்னு பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சரியா?" என்றாய். உன் குரல் அப்படி ஒரு கனிவாக இருந்தது. ஐந்து கேள்வி கேட்டாய். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தாயா, பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பாயா, ராத்திரி நன்றாகத் தூங்கினாயா, மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் சொல்வதற்கு ஒரு ஆள் இருக்கிறதா, பள்ளிக்கூடம் வரப் பிடித்திருக்கிறதா.

முதல் கேள்விக்கே முப்பத்தாறு கையும் எழும்பின. நீ எதிரே நின்று பேனா நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினாய். நான் பின்னால் நின்று பார்த்தேன். முக்கால்வாசி இடக்கை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வலக்கை. கவிழ்ந்து கிடந்த அந்தத் தலைகள், என் வகுப்புப் பிள்ளைகள், நான் சொல்லிக்கொடுத்தபடியே உன்னிடம் 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தன. உனக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வாயைத் திறந்து, "பிள்ளைங்களா, இல்லன்னா கையத் தூக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அடுத்த கேள்விக்கும் சொல்லவில்லை. ஐந்து கேள்வி முடிகிறவரை சுவரோடு சுவராக நின்றேன். உன்னோடு இரண்டு வருசம் இருந்த பழக்கம், என் விரல் மட்டும் முந்தானைக்குள்ளே எண்ணிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் எச்.எம். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்திருக்கிறார். "டீச்சர், நம்ம பிள்ளைங்க மானத்தக் காப்பாத்திட்டுதுக, பாத்தீங்களா" என்று சிரித்தார்.

மத்தியானம் ஓய்வறையில் நாம் இரண்டு பேரும் மட்டும் சாப்பிட்டோம். நீ புளியோதரை கொண்டுவந்திருந்தாய். ஒரு கவளம் எடுத்துவிட்டு வாயில் போடாமலே கேட்டாய். "ஏட்டி, ஒன்னு கேக்கேன். உங்க வகுப்புல இடக்கைப் பிள்ளைங்க இம்புட்டுப் பேரா?"

கவனித்துவிட்டாய். நீ கவனிக்காமல் விடுவாயா? நான் ஒரு மடக்கு மோர் குடித்தேன். அந்த ஒரு மடக்குக்குள் எனக்குப் பொய் தோன்றிவிட்டது. "பீடி சுத்துத பிள்ளைங்கட்டி. விடியறதுக்கு முந்தியே உக்காந்து சுத்துதுக. வலக்கை கடுக்கும்லா, அதான் இடக்கையத் தூக்குதுக" என்றேன்.

உன் கண் நிறைந்துவிட்டது. கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு, கை கழுவி, பேனாவை எடுத்து, தாளில் குறிப்பு எழுதும் இடத்தில் அதை எழுதினாய். 'பீடி சுற்றுவதால் சிறுமிகளுக்கு வலக்கை வலி.' எழுதிவிட்டு உன்னையே திட்டிக்கொண்டாய். "இத ஒரு கேள்வியா வைக்கணும்னு எனக்குத் தோணலியேட்டி. நான்லாம் ஒரு கணக்கு டீச்சர்!" பிறகு தாளைத் திருப்பி முதல் கேள்விக்கு வந்தாய். "சரி, அம்புட்டுப் பேரும் சாப்ட்டுட்டா வருது? தண்ணி குடிக்கிதா?" என்றாய்.

"எங்க பிள்ளைங்க கெட்டிக்காரப் பிள்ளைங்கட்டி" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றாய்.

ஏன் செய்தேன் என்று முப்பது வருசமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். எச்.எம்.முக்குப் பயந்தா? அவரை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. வேலை போய்விடும் என்றா? போகாது. உனக்குப் பயந்துதான். கரும்பலகையில் பதில் எழுதிப் போட்ட வாத்தியாரை நீ என்னவெல்லாம் சொன்னாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேனே. நானும் அந்தச் சாதிதான் என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது. உன் கண்ணில் நான் சிறுத்துப் போகக் கூடாது. இவ்வளவுக்குத்தான்.

அந்தத் தண்ணீர்க் கேள்வி. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் வாத்தியார்மாருக்கு. பூட்டிக் கிடக்கும், சாவி எச்.எம். அறையில் ஒரு ஆணியில் தொங்கும். இடைவேளை விட்டால் பையன்கள் ஆற்றங்கரை உடங்காட்டு முள்மரங்களுக்குள் ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? போக மாட்டார்கள். போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஐந்து மணி வரை வறண்ட நாக்கோடு இருக்கும். கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இது தெரியாதா? தினம் பார்த்ததுதானே. பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

தை முடிவதற்குள் பட்டியல் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையும் தொட்டியும் நர்ஸும் கிடைத்தன. எங்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை. நீ கடிதம் போட்டிருந்தாய்: உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பது எனக்குச் சந்தோசம், இருந்தாலும் அந்த நர்ஸ் உங்களுக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்று. நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

மாசியில் பேச்சியம்மாள் பள்ளிக்கூடம் வருவது நின்றது. மூன்றாம் பெஞ்சில் ஓரமாக உட்காருவாளே, ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் எடுப்பாக, அந்தப் பிள்ளை. உனக்கு முகம் ஞாபகம் இருக்காது, அவள் தலையை மட்டும்தானே நீ பார்த்தாய். ஒரு வாரம் கழித்து விசாரித்தேன். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் சேதி வந்துவிட்டது. சிறுநீர் வழியில் சீழ் பிடித்து மேலே ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். நாள்பட்டது, ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

துட்டி கேட்கப் போனேன். அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டிருந்தாள். "வயித்த வலிக்கு, ஒன்னுக்குப் போனா எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா டீச்சர். பொம்பளப் பிள்ளைக்கு இது இருக்கதுதானன்னு வெந்தயத்தக் குடுத்தேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணியே குடிக்க மாட்டாளான்னு டாக்டர் கேட்டாரு. பள்ளிக்கொடத்துல தண்ணி கிடையாதா டீச்சர்?"

"இருக்கும்மா" என்றேன். அது பொய்யில்லைதான். பானையில் தண்ணீர் இருந்தது.

அடுத்த வாரமே நீ வந்துவிட்டாய். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை, மணி அடிக்கிறவரை வாசலில் நின்றாய். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பையைத் திறந்தாய். என் வகுப்புத் தாள்களை அப்படியே கொண்டுவந்திருந்தாய். "முப்பத்தாறுக்கு முப்பத்தாறு போட்டிருக்கேன்ட்டி. ஒரு கைய விடல, ஒரு கையக் கூட்டல. தண்ணி குடிப்பேன்னு அந்தப் பிள்ளையும் தூக்கியிருக்கு. அப்பம் எங்கிட்டப் பொய்யால்லா சொல்லியிருக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "பிள்ளைங்கதானட்டி, வெக்கப்பட்டிருக்கும்" என்றேன்.

"கண்ண மூடச் சொன்ன பெறவுமா? நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்ன பெறவுமா?" என்றாய். அப்புறம் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாய். பஸ் வந்ததும் ஏறினாய். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்த பிள்ளையைப் பொய்க்காரியாக்கி உன்னை அனுப்பிவைத்தேன் நான்.

மறுநாள் காலையில் எச்.எம். அறைக்குள் போய் ஆணியிலிருந்து சாவியைக் கழற்றினேன். "டீச்சர், அது வாத்தியார்மாருக்கு உள்ளது" என்றார். "பெறவு வாத்தியார்மாரு ஒடங்காட்டுக்குப் போங்க" என்றேன். மேலே எழுதுவேன் என்று மிரட்டினார். "எழுதுங்க சார், கூடவே ஒரு பிள்ளை செத்துப்போச்சுன்னும் எழுதுங்க" என்றேன். சாவியை எட்டாம் வகுப்பு ஜன்னலில் தொங்கவிட்டேன். இதைச் சொல்வது நான் ஏதோ வீராங்கனை என்று காட்டிக்கொள்ள அல்ல. அந்தச் சாவியை அதற்கு ஒரு வருசம் முன்னாலேயே நான் எடுத்திருக்கலாம். அதற்குத் திட்டமும் வேண்டாம், உன் கணக்கெடுப்பும் வேண்டாம். எச்.எம். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பத்தடி நடந்தால் போதும்.

அந்த வருசம் இன்ஸ்பெக்ஷன் பங்குனியில் வந்தது. முந்தின நாள் பிள்ளைகளிடம், "நாளைக்குத் தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க, தெரியாதவங்க சும்மா இருங்க" என்றேன். அதுகளுக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தையே பார்த்தன. அதிகாரி வந்து கேட்டபோது தெரிந்த பிள்ளைகூடத் தூக்கவில்லை. ஒரு கைகூட எழும்பவில்லை. அவர் என் பெயருக்கு எதிரே நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறவரா? சித்திரையில் நீ கேள்விப்பட்டுச் சிரித்தாய். "என்னட்டி, உன் வகுப்புல ஒருத்தியும் கை தூக்கலியாமே? என்ன ஆச்சு?" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ சிரித்து இரண்டு மாதமாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

நீ அந்தத் திட்டத்திலிருந்து விலகிவிட்டாய். அதுகூடப் பரவாயில்லை. உன் சொந்த வகுப்பில் திங்கட்கிழமைதோறும் பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிசம் பிள்ளைகளிடம் என்ன ஏது என்று கேட்பாயே, அதையும் விட்டுவிட்டாய். உன்னோடு வேலை பார்த்த டீச்சர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். நான் உன்னிடம் கேட்டேன். "கேட்டா மட்டும் சொல்லவா போகுதுக? கணக்கச் சொல்லிக்குடுத்தமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்க வேண்டியதுதான்" என்றாய். ஓய்வு பெறுகிறவரை அப்படித்தான் இருந்தாய். அத்தனை வருசத்தில் உன் வகுப்புக்கு வந்துபோன பிள்ளைகளில் எத்தனை பேர், யாராவது கேட்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தார்களோ. அந்தக் கணக்கும் என் தலையில்தான் விடியும்.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆழ்வார்திருநகரியில் உன் மகன் வீட்டில். கட்டிலோடு ஒட்டிப் போய்க் கிடந்தாய். கன்னமெல்லாம் உள்ளே போய், கண் மட்டும் பெரிசாக. உன் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் யாரையோ விசாரித்தாய். அப்புறம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க என்னய நம்பலியேட்டி. நான் எப்படிக் கேட்டிருந்தா நம்பியிருக்கும்?" என்றாய்.

என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. உன் மகன் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு உள்ளே வந்தான். நீ விழுங்க முடியாமல் விழுங்கினாய். நான், "இப்பம் என்னத்துக்கு அதெல்லாம், கண்ண மூடித் தூங்கு" என்றேன். பத்தாம் நாள் போய்விட்டாய். உன்னைக் கொண்டுபோகும்போது வாசலில் நின்று நான் அழுத அழுகையைப் பார்த்து, எப்பேர்ப்பட்ட சிநேகிதம் என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள்.

மன்னிப்பு நான் கேட்கப் போவதில்லை. கேட்டுத் தருவதற்கு நீயும் இல்லை, பேச்சியம்மாளும் இல்லை. இப்படித் தூக்கிச் சுமந்தது போதும் என்று இறக்கிவைக்கவும் எனக்கு வழியில்லை. ஆனால் உன் கணக்கு தப்பாகக் கிடக்கிறது. தப்புக் கணக்கோடு உன்னை இருக்கவிட என்னால் முடியவில்லை. அதனால் கேட்டுக்கொள்.

பிள்ளைகள் உன்னை நம்பினார்கள். முப்பத்தாறு பேரும் உனக்கு உண்மையைத்தான் சொன்னார்கள். உனக்குப் புரிகிற மாதிரி சொல்ல விடாமல் நான்தான் பழக்கி வைத்திருந்தேன். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், வலக்கை பதினொன்று. தண்ணீர் குடிக்கிறவர்கள், வலக்கை ஏழு. நன்றாகத் தூங்கினவர்கள், பதிமூன்று. மனசில் உள்ளதைச் சொல்ல ஆள் இருக்கிறவர்கள், ஒன்பது. மிச்சமெல்லாம் இடக்கை. ஒரு நாளும் மறக்காமல் எனக்குள்ளே வைத்திருக்கிற கணக்கு இது.

பேச்சியம்மாள் அந்த நாலு கேள்விக்கும் இடக்கை தூக்கினாள். சொல்ல ஆள் இருக்கிறதா என்று நீ கேட்டபோது அவளுக்கு நேர் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன், அதற்கும் இடக்கைதான். கடைசியாக, பள்ளிக்கூடம் வரப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாய். அதற்கு அவள் வலக்கையைத் தூக்கினாள், காதோடு ஒட்டி, விரைப்பாக. "போதும் தாயிகளா, கைய எறக்குங்க" என்று நீ சொன்னாய். எல்லாப் பிள்ளைகளும் இறக்கின பிறகும் அந்த ஒரு கை அப்படியே நின்றது.